குழாயில் இருந்த ஊதாக் கோடு

அனுப்புநர்
பூ. வினோதா (வயது 17),
த/பெ. பூவராகவன்,
3/41, பள்ளத் தெரு,
சிப்காட் பின்புறம்,
கும்மிடிப்பூண்டி,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு நிலைய மருத்துவ அலுவலர் அவர்கள் (விசாரணை அலுவலர்),
அரசு மார்பு மற்றும் புற்றுநோய் மருத்துவமனை,
சென்னை.

பொருள்: கதிர்வீச்சுப் பிரிவுத் தொழில்நுட்பர் திருமதி நசீம் பானு அவர்கள் மீது நான் அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல் – 11.7.2007 அன்று உண்மையில் நடந்ததைத் தெரிவித்தல் – அவரை மீண்டும் அதே பணியில் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் 16.7.2007 திங்கட்கிழமை நான் கொடுத்த மனு.
2. 14.8.2007 அன்று விசாரணைக்கு வருமாறு தங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதம் (6.8.2007 அன்று கிடைத்தது).

மரியாதைக்குரிய ஐயா,

1. தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் கண்டபடி 14ஆம் தேதி காலை 11 மணிக்குத் தவறாமல் வந்துவிடுவேன். ஆனால் நாலு பேர் முன்னால் பேச வேண்டி வந்தால் எனக்குக் குரல் வராது. பள்ளியில் படித்தபோதும் பதில் தெரிந்த கேள்விக்குக்கூட எழுந்து நின்றதில்லை. அதனால் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் தைரியம் போய்விடும் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்: என் முதல் மனுவில் திருமதி நசீம் பானு அவர்கள் மீது சொல்லப்பட்டுள்ள எதுவும் உண்மையல்ல. அன்று என் தந்தையின் மூக்கில் இருந்த குழாய் இடம் மாறியதற்கும், அதன் மேலிருந்த குறி காணாமல் போனதற்கும் காரணம் நான்தான்.

2. என்னைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டியிருக்கிறது. நடந்த தவறு என் வேலையிலிருந்து வந்தது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். கடந்த ஒன்றரை ஆண்டாக சிப்காட் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். குழாயை வெட்டுகிறவர்கள் எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதற்கு மார்க்கர் பேனாவால் கோடு போடுவார்கள். வெட்டிய பிறகும் அந்தக் கோடு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, சுருண்டிருக்கும் குழாயை இழுத்து நேராக்கி, பையில் போட்டு ஒட்டுவதுதான் என் வேலை. எங்கள் சூப்பர்வைசர் திரு. சின்னதுரை தினமும் காலையில் ஒன்றையே சொல்வார்: "கோடு கீடு தெரிஞ்சுது, லாரி அப்டியே திரும்பி வந்துடும், பாத்துக்கோ." ஒரு நாளைக்கு எண்ணூறு குழாய் துடைப்பேன். கோடு கண்ணில் பட்டால் கை தானாகத் துணியைத் தேடும்.

3. என் தந்தை பூவராகவன் (வயது 49) முதலில் பழவேற்காடு ஏரியில் மீன் பிடித்தவர். நான் பிறந்த பிறகு கும்மிடிப்பூண்டிக்கு வந்து, இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் பதினாறு ஆண்டு உலை முன்னால் நின்றார். பீடிப் பழக்கமும் இருந்தது. சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன் இருமலில் இரத்தம் வந்தது. தங்கள் மருத்துவமனையில்தான் இடது பக்க நுரையீரலுக்குப் போகும் மூச்சுக்குழாயில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அறுவை செய்ய முடியாத இடம் என்றார்கள். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு, எங்கள் பக்கம் 'கரண்ட் வைப்பது' என்று சொல்வது, முப்பது நாள் வைத்தார்கள். கொஞ்சம் தேறினார். இந்த ஆண்டு மார்ச் மாதம் கட்டி மீண்டும் வளர்ந்து மூச்சை அடைத்தது. அதன் பிறகு அவரால் படுக்க முடியவில்லை. நான்கு மாதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். தூங்கினார் என்று சொல்வதும் சரியில்லை. என் தாயார் ரத்னா பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்கிறார். அவர் விடியும் முன்னே போய்விடுவதால், தந்தையை மருத்துவமனைக்கு ரயிலில் அழைத்து வருவது என் பொறுப்பானது. அதற்குக் கம்பெனியில் புதன்கிழமை மட்டும் விடுப்புக் கொடுத்தார்கள்.

4. ஜூன் மாதம் தங்கள் மருத்துவர்கள் எங்களை உட்கார வைத்து, இனி வெளியிலிருந்து கரண்ட் வைக்க முடியாது, உள்ளேயே கொண்டுபோய் வைக்கலாம் என்று பொறுமையாக விளக்கினார்கள். இதனால் நோய் முழுவதும் போய்விடும் என்று அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை. அடைப்புத் திறந்து மூச்சு விடலாம், இரத்தம் நிற்கலாம் என்றார்கள். வாரம் ஒன்றாக மூன்று முறை என்றார்கள். பொய் நம்பிக்கை கொடுக்காமல் உண்மையைச் சொன்னதற்கே நாங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

5. முதல் சிகிச்சை 4.7.2007 புதன்கிழமை நடந்தது. தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்து அடித்து, மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை மூச்சுக்குழாயின் உள்ளே கட்டி இருக்கும் இடம் வரை விட்டார்கள். அந்தக் குழாய்க்குள் மணி கோத்தது போன்ற ஒரு கம்பியைப் போட்டுப் படம் எடுத்தார்கள். படத்தில் அந்த மணிகள் வெள்ளையாகத் தெரியும். எந்த மணியிலிருந்து எந்த மணி வரை கட்டி இருக்கிறது என்று பார்த்து, அங்கே மட்டும் கதிர்வீச்சு நிற்கும்படி மருத்துவரும் கணக்குப் போடும் அதிகாரியும் கம்ப்யூட்டரில் குறிப்பார்களாம். பிறகு பெரிய கதவு உள்ள அறையில் தந்தையைத் தனியாகப் படுக்க வைத்து, குழாயை ஒரு இயந்திரத்தோடு இணைப்பார்கள். அரிசிக் குருணை அளவு கதிர்வீச்சுப் பொருள் ஒன்று கம்பியின் நுனியில் உள்ளே போய், குறித்த இடங்களில் சில நொடிகள் நின்று நின்று, திரும்பவும் இயந்திரத்துக்குள் போய்விடும். மொத்தம் ஏழு நிமிடம். இதையெல்லாம் நான் கேட்காமலே எனக்குச் சொன்னவர் திருமதி நசீம் பானு அவர்கள்தான். நான் எதையும் கேட்க மாட்டேன் என்பதை அவர் வந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டார்.

6. அந்த ஏழு நிமிடம் அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. இருமினால் குழாய் அசையும் என்பதால் தந்தை இருமவும் கூடாது. அவர் மிகவும் பயந்திருந்தார். திருமதி நசீம் பானு அவர்கள் வெளியே டி.வி.யில் அவரைப் பார்த்துக்கொண்டு, மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன், தாங்கள் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக: "அண்ணே, நீங்க ஏரிக்காரராமே. ஏரில இன்னா நெறைய கெடைக்கும்? பேசாதீங்க, வெரலக் காட்டுங்க. எறான்னா ஒண்ணு, நண்டுன்னா ரெண்டு, மடவைன்னா மூணு." தந்தை ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். "அஞ்சா? இன்னாண்ணே, ஏரியையே தூக்கினு வந்துட்டீங்களா? சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க, சிரிச்சா இருமல் வந்துடும். இன்னும் ரெண்டே நிமிசம்." தந்தை இருமவில்லை. வெளியே எங்களுடன் நின்ற மற்ற ஊழியர்களும் சிரித்தார்கள். பல மாதத்துக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

7. அடுத்த ஐந்தாம் நாள், 9ஆம் தேதி, மதியம் சாப்பிட்டுவிட்டு என் தந்தை பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கிவிட்டார். நான் வேலை முடிந்து வந்தபோது என் தாயார் வாசலில் உட்கார்ந்து யாரையும் உள்ளே விடாமல் காவல் இருந்தார். "பேசாத, படுத்துக்கினு தூங்கறாரு" என்றார். அன்று எங்கள் தெருவில் எங்கள் வீட்டில் மட்டும் சாயங்காலம் விளக்குப் போடவில்லை. இதை எழுதாமல் புகாரைப் பற்றி எழுதினால் நன்றி கெட்டவளாகிவிடுவேன்.

8. இப்போது 11.7.2007 அன்று நடந்ததை எழுதுகிறேன். இரண்டாவது சிகிச்சைக்காக முதல் தளத்தில் குழாய் போட்டு, படம் எடுத்தார்கள். அதன் பிறகு குழாய் மூக்கை விட்டு வெளியே வரும் இடத்தில் திருமதி நசீம் பானு அவர்கள் ஊதா நிறப் பேனாவால் ஒரு கோடு போட்டு, மூக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார். கோடு போட்டதை நான் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எதற்கு என்று எனக்குத் தெரியாது. பிறகு தந்தையைச் சக்கர நாற்காலியில் கீழ்த் தளத்துக்குக் கொண்டுவந்து, இயந்திர அறைக்கு வெளியே வரிசையில் வைத்தார்கள். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். கணக்கும் போட்டு முடிய வேண்டும். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

9. தொண்டை மரத்திருந்ததால் தந்தைக்கு எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. பிளாஸ்திரி நனைந்து ஒரு பக்கம் கிளம்பியது. நர்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மேசை பத்து அடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அங்கே நிறையப் பேர் நின்றிருந்தார்கள். நானே சரிசெய்யலாம் என்று நினைத்தேன். பிளாஸ்திரியைப் பிரித்து அவர் முகத்தைத் துடைத்தேன். அப்போது குழாயின் மேல் ஊதாக் கோடு கண்ணில் பட்டது. ஐயா, நான் யோசித்துச் செய்யவில்லை. ஊசி போட்ட இடத்தில் அழுத்திக்கொள்ளக் கொடுத்த ஸ்பிரிட் பஞ்சு தந்தையின் கையில் இருந்தது. அதை என் பையில் இருந்த கம்பெனித் துணியில் பிழிந்து கோட்டைத் துடைத்துவிட்டேன். குழாய் வளைந்து தொங்கியது. லேசாக இழுத்து நேராக்கினேன். திரும்பப் பிளாஸ்திரி ஒட்டினேன். சுத்தமாக ஆகிவிட்டது என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. தந்தை மருந்து மயக்கத்தில் கண்ணை மூடியிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

10. எங்கள் முறை வந்தது. குழாயை இயந்திரத்தில் இணைப்பதற்கு முன் திருமதி நசீம் பானு அவர்கள் விளக்கைத் திருப்பி மூக்கின் அருகே பார்த்தார். பார்த்துவிட்டு உடனே கையை எடுத்தார். வெளியே வந்து, வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார்: "இன்னா பொண்ணு, யாரு இத்தத் தொட்டது? கோடு எங்க? வாயத் தொறந்து சொல்லு! ஊமையா நீ?" எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் இல்லை என்று தலையசைத்தேன். யாரும் தொடவில்லை என்று தலையசைத்தேன். அவர் இரண்டாம் முறையும் கேட்டார். இரண்டாம் முறையும் அப்படியே செய்தேன்.

11. அவர் அத்துடன் விட்டுவிட்டு இயந்திரத்தைப் போட்டிருக்கலாம். மணி மூன்றாகிவிட்டது. பின்னால் இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. மருத்துவரிடம் சொல்லி, தந்தையைத் திரும்ப மேலே கொண்டுபோய் இன்னொரு படம் எடுக்க வைத்தார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு இன்று வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். தந்தைக்கு மருந்து தெளிந்து இருமல் ஆரம்பித்துவிட்டது. மூச்சும் குறைந்தது. அதனால் குழாயை உருவிவிட்டு, அடுத்த தேதி தருவதாகச் சொன்னார்கள். வலி எல்லாம் பட்டும் சிகிச்சை நடக்கவில்லை. ரயிலில் தந்தை ஜன்னலில் தலை வைத்தபடியே வந்தார். நான் அவமானத்திலும் கோபத்திலும் அழுதேன். எல்லோர் முன்னாலும் ஊமை என்று சொன்னது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது.

12. அந்தக் கோபத்தோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குத் திருவள்ளூர் போனேன். ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதிக் கொடுக்கும் திரு. வரதன் என்பவரிடம் நடந்ததைச் சொன்னேன். நான் சொன்னது, கத்தினார், சிகிச்சை கொடுக்காமல் அனுப்பிவிட்டார் என்பது மட்டும். அவர் எழுதுவதை நிறுத்தி, "இப்டி எய்துனா எவனும் படிக்க மாட்டான் பாப்பா. கொஞ்சம் காரமா எய்தணும்" என்றார். 'குறி இடாமலே குழாயை அலட்சியமாகக் கையாண்டு, நோயாளியின் உயிருக்கு ஆபத்து விளைவித்து, தன் தவறை மறைக்க எங்களை மிரட்டினார்' என்ற வரிகள் அவர் எழுதியவை. ஆனால் அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். குறி போட்டதை நான் பார்த்திருந்தும், சரி என்று கையெழுத்துப் போட்டேன். அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. இந்த மனுவை நானே எழுதுகிறேன். இது மூன்றாவது பிரதி. அடித்தல் திருத்தல் இருந்தால் மன்னிக்கவும்.

13. இடையில் தந்தைக்குக் காய்ச்சல் வந்ததால், நின்றுபோன இரண்டாவது சிகிச்சை 1.8.2007 அன்றுதான் நடந்தது. அன்றும் திருமதி நசீம் பானு அவர்கள்தான் இருந்தார். அன்று அவர் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தாமல் உள்ளே அழைத்து, கோடு போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னார். "இந்தக் கோடு மூக்கு ஓரத்துல இருக்கற வரைக்கும் உள்ள எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். இது நகந்தா உள்ளயும் நகந்துட்டுன்னு அர்த்தம். பாத்துக்கோ, உன்ன நம்பித்தான் உடறேன்" என்றார். பிறகு கம்ப்யூட்டரில் 11ஆம் தேதி எடுத்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதல் படத்தில் மணிகள் கட்டியின் நடுவில் இருந்தன. இரண்டாவதில் இரண்டரை சென்டிமீட்டர் மேலே வந்திருந்தன. அப்படியே இயந்திரத்தைப் போட்டிருந்தால் கட்டியில் பாதி தப்பியிருக்கும், நல்ல இடம் வெந்துபோயிருக்கும் என்றார். நான் இழுத்து நேராக்கிய அளவுதான் அந்த இரண்டரை சென்டிமீட்டர். என் தந்தையை நானே சுட்டிருப்பேன். தடுத்தவர் மீது நான் புகார் கொடுத்திருக்கிறேன்.

14. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அவர் மைக்கைப் பிடித்து, "அண்ணே, இன்னிக்கி எறாவா, நண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். தந்தை ஒரு விரலைக் காட்டினார். அந்த ஏழு நிமிடமும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லாமலே ஊர் திரும்பினேன்.

15. 6ஆம் தேதி தங்கள் கடிதம் வந்தது. 8.8.2007 அன்று மூன்றாவது சிகிச்சைக்காக வந்தபோது திருமதி நசீம் பானு அவர்கள் இல்லை. பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு அவரை அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். ஒருவர் குறைந்ததால் அன்று பாதிப் பேரைத்தான் பார்க்க முடிந்தது. என் தந்தை உட்பட ஆறு பேருக்கு வேறு தேதி கொடுத்தார்கள். அடுத்த புதன்கிழமை சுதந்திர தின விடுமுறை என்பதால் எங்களுக்கு 16ஆம் தேதி வியாழக்கிழமை என்று எழுதித் தந்தார்கள். ஊத்துக்கோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், தன்னைப் பார்த்துக்கொள்கிற அம்மா எங்கே என்று மூன்று தடவை கேட்டார். யாரால் அவர் அங்கே இல்லை என்பது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

16. சக்கர நாற்காலி தள்ளும் பணியாளர் திருமதி லட்சுமியம்மாள் அவர்கள்தான் மீதியை எனக்குச் சொன்னார். 11ஆம் தேதி குறி போட்டதாகத் திருமதி நசீம் பானு அவர்கள் பதிவேட்டில் எழுதியிருக்கிறார், ஆனால் குழாயில் குறி இல்லை, எனவே போடாமலே எழுதிவிட்டார் என்பதுதான் அவர் மீதுள்ள குற்றச்சாட்டு என்று அறிந்தேன். லட்சுமியம்மாள் அவர்கள் இன்னொன்றும் சொன்னார்: "ஒண்ணாந் தேதி காலைலயே மெமோவ கைல குடுத்துட்டாங்க. உன் பேரு, உங்கப்பா பேரு, எல்லாம் அதுல இருக்குது. படிச்சுட்டு மடிச்சு பைல வெச்சுக்கினு, அப்புறந்தான் உங்கப்பாவுக்கு டியூப் மாட்டுச்சு அந்தம்மா." அதாவது, என்னை உள்ளே அழைத்துக் கோடு காட்டியபோதும், உன்னை நம்பித்தான் விடுகிறேன் என்று சொன்னபோதும், தந்தையிடம் எறாவா நண்டா என்று கேட்டபோதும், அந்தப் புகார் அவர் பையில் இருந்திருக்கிறது. அவர் ஒரு முகச்சுளிப்புக்கூடக் காட்டவில்லை. கோட்டை அழித்தது நான் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

17. அன்று மாலையே வீட்டில் சொல்லிவிட்டேன். என் தாயார் என்னை அடிக்கக் கை ஓங்கினார். தந்தை தடுத்தார். "அந்தம்மா வேப்பம்பட்டுலருந்து தெனம் ரயில்ல வருது. கால்ல நிக்காம ஓடும். அத்தப் போயி காயிதத்துக்குள்ள உக்கார வெச்சுட்டியே" என்றார். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்த மனுவை எழுதும்படி அவர் சொல்லவில்லை. நானே எழுதுகிறேன். எழுதியதை அவருக்கும் தாயாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டேன்.

18. குறி போடப்பட்டிருந்தது என்பதற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர ஒரு சான்றும் இருக்கிறது. அன்று நான் துடைத்த துணியை என் பையில் அப்படியே போட்டு வைத்திருந்தேன். மறுநாள் கம்பெனியில் புதுத் துணி கொடுத்ததால் அது துவைக்கப்படாமல் கிடந்தது. மஞ்சள் துணி. எங்கள் கம்பெனியில் கறுப்பு மார்க்கர் மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் துணி முழுவதும் கறுப்புக் கறைதான். ஒரு மூலையில் மட்டும் ஊதாக் கறை ஒன்று இருக்கிறது. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்தப் பிரிவில் பயன்படுத்தும் பேனாவோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

19. எனவே ஐயா அவர்கள் அருள்கூர்ந்து,

(அ) பார்வை ஒன்றில் கண்ட என் மனுவை நான் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும், அதில் உள்ள குற்றச்சாட்டுகள் தவறானவை என்றும் பதிவு செய்ய வேண்டுகிறேன். ஆட்சியர் அலுவலகத்துக்கும் இதன் நகலை அனுப்பியிருக்கிறேன்.

(ஆ) திருமதி நசீம் பானு அவர்களை, அவருடைய பணிப் பதிவில் எந்தக் கறையும் இல்லாமல், மீண்டும் இயந்திர அறைக்கே அனுப்ப வேண்டுகிறேன். 11ஆம் தேதி அவர் சிகிச்சையை நிறுத்தியது குற்றம் அல்ல. அது என் தந்தைக்கு அவர் செய்த பெரிய உதவி. அதற்குத் தாங்கள் ஒரு பாராட்டு எழுதிக் கொடுத்தால் மிகவும் மகிழ்வேன். இது என் அதிகாரத்துக்கு மீறிய கோரிக்கை என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

(இ) என் தவறுக்காக என் மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் தந்தைக்கு 16ஆம் தேதி கொடுத்திருக்கும் மூன்றாவது சிகிச்சையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. இப்போது பாயில் படுத்துத் தூங்குகிறார். இந்த மனுவை எழுத நான் இரண்டு நாள் தயங்கியதற்குக் காரணம் இந்தப் பயம் ஒன்றுதான். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

(ஈ) காத்திருக்கும் இடத்தில், குழாயில் உள்ள கோட்டை அழிக்கக் கூடாது, பிளாஸ்திரி பிரிந்தால் நர்ஸிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பலகை வைத்தால் உதவியாக இருக்கும். கோட்டைப் பார்த்தால் துடைக்கிற கை என்னுடையது மட்டும் அல்ல. எங்கள் சிப்காட்டில் மட்டும் என்னைப் போல் நூற்றுக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தகப்பனார்களும் அதே ஆலைகளில்தான் வேலை செய்கிறார்கள். பலகையில் எழுத வேண்டியதை ஒரு தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில், தமிழில் எழுதினால் போதும்.

20. தங்கள் மருத்துவமனையில் எங்களிடம் யாரும் எதையும் கேட்டுப் பெறவில்லை. மருத்துவர்கள் உண்மையைச் சொன்னார்கள். படம் எடுத்தவர்கள், கணக்குப் போட்டவர்கள், நாற்காலி தள்ளியவர்கள் எல்லோரும் என் தந்தையை மனிதராக நடத்தினார்கள். என் முதல் மனுவைப் படித்தவர்கள் இதற்கு நேர்மாறாக நினைத்திருப்பார்கள். அவர்கள் அனைவரிடமும் இதன் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

14ஆம் தேதி விசாரணையில் திருமதி நசீம் பானு அவர்களும் இருப்பார் என்று நினைக்கிறேன். கோட்டை யார் தொட்டது என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லாமல் இருக்கிறேன். அதே கேள்வியைத் தாங்கள் அவர் முன்னால் என்னிடம் இன்னொரு முறை கேட்க வேண்டும் என்பது என் கடைசி வேண்டுகோள். இந்த முறை தலையசைக்க மாட்டேன். அப்போதும் குரல் வராமல் போனால், எழுந்து நின்று கையைத் தூக்குவேன். என் தந்தை பேச முடியாதபோது விரலைக் காட்டியதைப் புரிந்துகொண்ட அவர், இதையும் புரிந்துகொள்வார்.

இணைப்பு:
1. மஞ்சள் துணி ஒன்று (ஊதாக் கறை உள்ள மூலையில் நூலால் முடிச்சுப் போட்டிருக்கிறேன்).
2. பலகையில் எழுத வேண்டிய வாசகம், ஒரு தாள்.
3. தங்கள் விசாரணைக் கடிதத்தின் நகல்.

நகல்: மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருவள்ளூர்.

இடம்: கும்மிடிப்பூண்டி
நாள்: 10.8.2007

நன்றியும் வருத்தமும் உடைய,
பூ. வினோதா